பெரு நாட்டுப் பயணம்: விசா, நுழைவு விதிகள் - கேள்வி பதில்

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டும் அமெரிக்கச் சுற்றுலா விசாவும் வைத்திருக்கிறேன். மச்சு பிச்சுவைக் காணச் செல்லப் பெரு விசா தனியாக எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இந்தியர்களுக்குப் பெரு விசா கட்டாயம்தான் என்றாலும், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் விசாவைக் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் நிலையில் வைத்திருப்போரும், அங்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றோரும் சுற்றுலாவுக்கோ வணிகச் சந்திப்புக்கோ விசா இல்லாமல் நுழையலாம் என்ற சலுகை 2017 முதல் நடப்பில் உள்ளது. அதிகபட்சம் 180 நாள் தங்கலாம். ஆனால் உங்களுக்கு எத்தனை நாள் என்பதைக் குடிவரவு அதிகாரியே முடிவு செய்வார். அதை அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு.

கேள்வி: என் ஷெங்கன் விசா முடிய இன்னும் 2 மாதம் இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. நம்மவர்களுக்குக் கிடைக்கும் ஷெங்கன் விசாக்கள் பெரும்பாலும் பயணத் தேதிகளை ஒட்டியே முடிந்துவிடுவதால், ஏட்டில் இருக்கும் இச்சலுகை பலருக்குக் கைக்கு எட்டுவதில்லை. புதுதில்லியிலுள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் எச்-1பி என்னும் வேலை விசாவில் பணியில் இருக்கிறேன். விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. அமெரிக்கக் குடியேற்றத் துறை தந்த ஐ-797 ஒப்புதல் கடிதம் இருக்கிறது. பெருவுக்குள் விசா இல்லாமல் நுழைய அது போதுமா?

பதில்: அக்கடிதம் விசா ஆகாது. அதை நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: லிமா, குஸ்கோ மட்டுமே செல்கிறோம், அமேசான் பக்கம் போகவில்லை. மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவும் நோய், மஞ்சள் காமாலை அல்ல) தடுப்பூசி தேவையா ஐயா?

பதில்: இந்தியாவிலிருந்து செல்வோரிடம் இந்தத் தடுப்பூசி போட்டதற்கான சான்றைப் பெரு கேட்பதில்லை, கேட்பது நம் நாடுதான். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் பெருவை இந்தியா முழுமையாகச் சேர்த்திருப்பதால், எந்த ஊருக்குப் போனீர்கள் என்பது கணக்கில் வராது. அங்கிருந்து கிளம்பிய 6 நாளுக்குள் சான்றில்லாமல் சென்னையில் இறங்கினால், அந்த 6 நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்று செல்லத்தக்கதாகும். பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைக் கடந்தவர்களும் முதலில் மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். விசாவுக்கு அலைபவர்கள் ஏனோ இந்த ஊசியைக் கடைசி வாரம்வரை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பெரு விசா கிடைத்துவிட்டது. மியாமி வழியாக டிக்கெட் மலிவாக இருக்கிறது. அமெரிக்க விசா என்னிடம் இல்லை.

பதில்: அந்த வழி உங்களுக்கு ஆகாது. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையைக் கடந்தே தீர வேண்டும்; அதற்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகச் செல்வதானால், அங்கு விமானம் மாற இடைவழி விசா தேவையா என்பதைப் பணம் கட்டுமுன் அந்நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.