தோப்பில் மின்னும் கண்கள்: தேவாங்கா, ஆந்தையா?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் எங்கள் தோட்டம். இரவில் டார்ச் அடித்தால் கிளுவை உயிர்வேலியிலும் புளியமரத்திலும் ஜோடிக் கண்கள் சிவப்பாக மின்னுகின்றன. சிலர் குட்டிக் குரங்கு என்கிறார்கள், சிலர் ஆந்தை என்கிறார்கள். எது? வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போடலாமா?

பதில்: இரண்டுமே இருக்கலாம். வேலியில் இருப்பது பெரும்பாலும் தேவாங்கு. குரங்குக்குத் தூரத்துச் சொந்தம்தான், குரங்கு அல்ல. வால் கிடையாது, எடை கால் கிலோ அளவு. புளியமரத்தில் இருப்பது பொரிப்புள்ளி ஆந்தையாக இருக்கலாம். முதிர்ந்த புளியும் மாவும் அதற்குப் பிடித்த இடம்.

டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பாருங்கள்; வெள்ளை ஒளி இரண்டின் கண்ணையும் கூசவைக்கும். தேவாங்கின் கண்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி தணல் போலப் பளிச்சென்று தெரியும், கிளையோடு மெல்ல ஊர்ந்து நகரும். ஆந்தையின் கண்ணொளி மங்கல். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், சட்டென்று ஓசையில்லாமல் பறந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் காலையில் மரத்தடியைப் பாருங்கள். எலி முடியும் எலும்பும் சுருண்ட உருண்டைகள் கிடந்தால் அது ஆந்தை கக்கியது. உடைத்தால் எலியின் தாடை எலும்பே பல்லோடு கிடைக்கும்.

வேலியை எடுக்காதீர்கள். தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையை விடாமல் பிடித்தபடிதான் அடுத்ததை எட்டிப் பிடிக்கும். எட்டாத இடைவெளி வந்தால் தரையில் இறங்கும். அங்கே நாயிடமோ வண்டிச் சக்கரத்திலோ மாட்டிக்கொள்ளும். வேலியில் ஏற்கெனவே இடைவெளி இருந்தால் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றுங்கள். அது வளரும்வரை, மின்கம்பிக்கு எட்டாத இடமாகப் பார்த்து, மரத்துக்கு மரம் தடித்த தேங்காய்நார்க் கயிறு கட்டலாம். தேவாங்கு பயிரைத் தின்னும் பிராணி அல்ல. அதன் முக்கிய இரை பூச்சிகள்.

ஆந்தைக்கு இடைவெளி பிரச்சினையே இல்லை, பறந்துவிடும். அதற்கு வேண்டியது பொந்துள்ள கிழமரம். காய்ப்பு குறைந்துவிட்டதென்று அந்தப் புளியை வெட்டிவிட்டால், புதுக்கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்னொன்று எலி மருந்து. புரோமாடியலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். மருந்துக்குப் பதில் கிட்டி (எலிப்பொறி) வையுங்கள்.

மாந்திரீகம், மருந்து என்று இரண்டையுமே பிடித்து விற்கிறார்கள். பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வேடசந்தூர் வட்டத்துக் காடுகளும் சேர்ந்ததுதான் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம். 11,806 ஹெக்டேர், இந்தியாவிலேயே முதலாவது. அடிபட்ட தேவாங்கையோ ஆந்தையையோ கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, பால், பழம் எதுவும் கொடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.