சக்கர நாற்காலிக்கு வீட்டைத் திருத்த யார் பணம் தருவார்கள்?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் நாயக்காக இருந்தவர். பணியில் முதுகுத்தண்டில் அடிபட்டு, 100 சதவீத ஊனம் என்று அனுப்பிவிட்டார்கள். வீடு தரையிலிருந்து இரண்டடி உயரம். சக்கர நாற்காலி பாத்ரூமுக்குள் போக மாட்டேன் என்கிறது. அமெரிக்காவில் இதற்கெல்லாம் லட்சம் டாலர் தருகிறார்கள் என்கிறான் தம்பி. நமக்கு ஏதாவது கிடைக்குமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தம்பி சொல்வது உண்மைதான் அம்மா. கால்களின் செயல் போனது போன்ற கடுமையான ஊனத்தோடு திரும்பிய படைவீரர் வீட்டைக் கட்டவோ மாற்றவோ அங்கே 2025 நிதியாண்டில் 1,21,812 டாலர் வரை மானியம் உண்டு. கேட்டால் வயிறு எரியும், விடுங்கள்.

முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான நம் கேந்திரிய சைனிக் போர்டின் உதவிப் பட்டியலில் இதற்கென்று தனித் தலைப்பு கிடையாது. பக்கத்தில் வருவது வீடு பழுதுபார்ப்பு உதவி. 100 சதவீத ஊனமுற்ற, ஹவில்தார் பதவி வரையிலான (நாயக் அதற்குக் கீழேதான்) முன்னாள் படைவீரருக்கு 20,000 ரூபாய். டிசம்பர் 7 கொடிநாளில் வசூலாகும் நிதியிலிருந்து வருகிற பணம்தான். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ஊனச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு, கொத்தனாரைக் கூப்பிடும் முன்பே போய்க் கேட்டுவிடுங்கள்.

20,000 போதாது, எனக்கும் தெரியும். அதனால் பி.பி.ஓ.வை எடுத்து இன்னொரு தடவை வரிவரியாகப் படியுங்கள். கூடவே ஆள் இருந்து கவனிக்க வேண்டிய 100 சதவீத ஊனத்துக்கு, மருத்துவ வாரியம் பரிந்துரைத்தால், ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மேல் உதவியாளர் படி என்று தனியாக வரும். 2017 ஜூலையில் அதை மாதம் 6,750 ரூபாய் என்று வைத்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொடும்போது அது 25 சதவீதம் கூடும். அந்த வரி பி.பி.ஓ.வில் இல்லையென்றால் அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள். ஒரு தடவை கிடைக்கும் 20,000-ஐவிட மாதாமாதம் வரும் இதுதான் பெரிய காசு. ஊனத்தால் அனுப்பப்பட்டவருக்கு ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸில் ஒரு தொகை உண்டு. அது வந்ததா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். சக்கர நாற்காலி, செயற்கை உறுப்பு இதெல்லாம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கணக்கு. அதற்குக் கைக்காசைச் செலவழிக்காதீர்கள்.

சரி, கைக்கு வந்த பணத்தை எங்கே போடுவது? எல்லோரும் முதலில் வாசலில் சாய்தளம் போடுவார்கள், நாலு பேர் பார்க்கிற இடம் அல்லவா! நான் பாத்ரூமைத்தான் சொல்வேன். வெளியே போவது வாரத்துக்கு இரண்டு முறை இருக்கலாம், பாத்ரூம் தினமும் பல முறை. நம் வீடுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலையும் கதவும் அடைத்தது போக நாற்காலி நுழைய இடம் போதாது. திறந்த நிலையில் மூன்றடி வழி கிடைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். பாத்ரூம் வாசலில் இருக்கும் திண்டை உடைத்துவிடுங்கள். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இருந்தால் நல்லது. வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி அவசியம். அதை டைல்ஸைத் தாண்டி செங்கல்லுக்குள் இறக்கச் சொல்லுங்கள். ஒரு மனிதரின் முழு எடையும் அதில் தொங்கும்.

சாய்தளம் அடுத்த வருடம் போட்டாலும் பரவாயில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு, உங்கள் வீட்டுக்கு 24 அடி வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் நடுவில் ஐந்தடிச் சமதளம் விட்டுத் திருப்பலாம். “பத்தடியில் முடித்துத் தருகிறேன்” என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால், அவரையே நாற்காலியில் உட்காரவைத்து மேலே தள்ளிப் பாருங்கள்.