வெளிநாட்டு வீரர் குற்றம் செய்தால் யார் விசாரிப்பது?

நட்பு நாட்டுப் படைவீரர் இங்கே குற்றம் செய்தால் நம் நீதிமன்றம் கைகட்டி நிற்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி முழுக்கச் சொல்லிவிட முடியாது. ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டில் இருக்கும்போது எந்தச் சட்டம் செல்லும் என்று சொல்வது படைநிலை ஒப்பந்தம். மாதிரிக்கு, 1951-ல் நேட்டோ நாடுகள் போட்ட அப்படியொரு ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவைப் படியுங்கள். படை அனுப்பிய நாடு, அதை ஏற்ற நாடு இரண்டின் சட்டப்படியும் குற்றம் என்றால் இருவருக்குமே விசாரிக்கும் உரிமை உண்டு. முன்னுரிமை யாருக்கு என்பதில்தான் சண்டை. விடுப்பில் இருப்பவர் குடித்துவிட்டு உள்ளூர்க்காரரை அடித்தால் முன்னுரிமை படையை ஏற்ற நாட்டுக்கு. பணியாக ராணுவ லாரி ஓட்டும்போது மோதினால், படை அனுப்பிய நாட்டுக்கு.

ஆனால் "பணியில்தான் இருந்தார்" என்று முடிவு செய்வது யார்? 7-ஆம் பிரிவு அதைச் சொல்லவே இல்லை. படைத்தளபதி தரும் சான்றிதழை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று எழுதிக்கொடுத்தால் இறையாண்மை அந்த ஓட்டை வழியாகத்தான் கசியும். ஆகவே ஒப்பந்தத்தின் இணைப்புகளையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விளக்கக் குறிப்புகளையும் விடாமல் பாருங்கள். காவல் விஷயமும் உண்டு: ஆள் படை அனுப்பிய நாட்டின் கையில் இருந்தால், ஏற்ற நாடு குற்றச்சாட்டு பதியும்வரை அந்த நாடே வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்திலிருந்து எப்படி விலகலாம் என்று சொல்லும் பிரிவையும் பாருங்கள். தன் நாட்டுக்கு வரும் அமெரிக்கப் படையினர் பற்றிய வருகைப் படை ஒப்பந்தத்தை முறிக்க பிலிப்பைன்ஸ் 2020 பிப்ரவரியில் 180 நாள் அறிவிப்பு கொடுத்தது. 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது.