புத்தகம் பாயில், காய் தட்டில்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ரொட்டியும் சீனியும் தவிர எதையும் தொடமாட்டான். கேரட், போஞ்சி, கோவா என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையைப் பற்றிய வேடிக்கைப் படப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஊட்டும்போது வாசித்தேன். இப்போது புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான். என்ன செய்வது? – ஒரு தாய், தலவாக்கலை

பதில்: புத்தகத்தில் குறையில்லை, சகோதரி. வாசித்த நேரம்தான் சரியில்லை. ஒரு கையில் புத்தகமும் மறு கையில் சோறும் இருந்தால், பக்கம் புரட்டும்போதே ஒரு வாய் வரப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் சிரிப்பு எங்கே வரும்? இனி இரவில் படுக்கும்போது மட்டும் வாசியுங்கள். "பார், நீயும் இப்படிச் சாப்பிடணும்" என்று ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை பழகாத சாப்பாட்டைக் கண்டு மிரள்வது சாதாரணம். ஒரு காயைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்து, மணந்து, நக்கித் துப்பிய பிறகே விழுங்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பழக்கத்தின் முதல் படியில் படமே ஏற்றிவிடும். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வுகளில், ஒரு காயைப் படப் புத்தகத்தில் அடிக்கடி பார்த்த குழந்தைகள் அதைச் சுவைக்கக் கூடுதலாக முன்வந்தார்கள்.

எல்லா வேடிக்கைப் புத்தகமும் உதவாது. சாப்பிடாத பிள்ளையைப் பூதம் பிடிக்கும் கதைகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் லோரன் சைல்ட் 2000 இல் எழுதிய 'I Will Not Ever Never Eat a Tomato' என்ற படக்கதையில், கேரட் வியாழன் கிரகத்திலிருந்து வந்தது என்று அண்ணன் கதை விடுவான். கடைசியில் தங்கை லோலா, வேண்டவே வேண்டாம் என்ற தக்காளிக்குத் தானே ஒரு பெயர் வைத்து, தானே கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். யாரும் ஊட்டவில்லை. அதுதான் விஷயம்.

அந்தப் புத்தகம் கிடைக்காவிட்டால் ஒரு சித்திரக் கொப்பி போதும். லயத்துக்குப் பக்கத்துக் காய்கறிப் பாத்தியில் அவனையே போஞ்சி பறிக்கவிட்டு, வரைந்து, பெயரும் வைக்கச் சொல்லுங்கள். 'பச்சைப் பாம்புக்குட்டி' என்றால் உங்கள் வீட்டில் இனி அது பாம்புக்குட்டிதான். சாப்பாட்டு நேரத்தில் ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஒன்று கவனியுங்கள்: சாப்பாட்டுக்கு முன் சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்தால் பசி அடங்கிவிடும். சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதும் குறையும். கிளினிக் கார்டில் நிறைக்கோடு ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ புத்தகத்தை நம்பிக் காத்திராமல் மிட்வைஃபிடம் காட்டுங்கள்.