கார்ட்லெஸ் நெயில் கன்: வாங்குமுன்னும் கையில் எடுத்த பின்னும்

கேள்வி: வீட்டு மரவேலைக்கு 18 கேஜ் (மெல்லிய பிராட் ஆணி அடிக்கும்) கார்ட்லெஸ் நெயில் கன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாடலில் சிங்கிள் ஷாட் மட்டும். இன்னொன்றில் பம்ப் (bump, இடித்து அடிக்கும்) முறையும் இருக்கிறது. கூடுதல் வசதிதானே, அதையே வாங்கிவிடலாமா?

பதில்: சிங்கிள் ஷாட் போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் மட்டும் இல்லை, விரலுக்கு வரும் ஆபத்திலும் இருக்கிறது.

இந்த வகை நெயில் கன்னில் முனையில் ஒரு அழுத்துமூக்கு இருக்கும். அது மரத்தில் பதிந்து உள்ளே போனால்தான் ஆணி வரும். சிங்கிள் ஷாட்டில் முதலில் மூக்கை அழுத்த வேண்டும், பிறகு ட்ரிகர். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அதே வரிசையில் செய்ய வேண்டும். (மூக்கை எடுக்காமல் ட்ரிகரை மட்டும் விட்டு அழுத்தினாலே அடுத்த ஆணி வரும் மாடல்களும் உண்டு. வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.) பம்ப் முறையிலோ ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே இருக்கலாம். மூக்கு எதில் இடித்தாலும் ஒரு ஆணி பாயும். மரம், முழங்கால், பக்கத்தில் நிற்பவரின் தோள் என்ற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல் இரட்டை அடி. ஆணி பாய்ந்ததும் கன் மேலே எகிறும். கை அதைக் கீழே அழுத்திக்கொண்டே இருப்பதால் உடனே திரும்ப வந்து இடிக்கும். ட்ரிகர் விடப்படாமல் இருந்தால் இரண்டாவது ஆணியும் பாயும், முதல் ஆணியின் தலையிலேயே விழுந்து தெறிக்கலாம். புதிதாகப் பழகுபவர்கள் பயத்தில் அளவுக்கு மீறி அழுத்துவதால் அவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நியோஷும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட கையேடு, பம்ப் ட்ரிகரில் காயம் படும் வாய்ப்பு சிங்கிள் ஷாட்டைப் போல இரண்டு மடங்கு என்கிறது.

தரைப் பலகை, கூரைப் பலகை என்று ஒரே சமதளத்தில் நூற்றுக்கணக்கில் அடிப்பவர்களுக்கு பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும். அலமாரிக்கும் பீடிங்குக்கும் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய சட்டம்) அதனால் ஒரு லாபமும் இல்லை. இரண்டும் உள்ள மாடலைத்தான் வாங்குவீர்கள் என்றால், முறை மாற்றும் பொத்தான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பாருங்கள். பெட்டிக்குள் உரசி நகர்ந்திருக்கும்.

கேள்வி: 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி செய்கிறேன். நேராகத்தான் அடிக்கிறேன், ஆனால் அவ்வப்போது ஆணி வளைந்து பலகையின் பக்கவாட்டில் வெளியே வருகிறது. ஒருமுறை பிடித்திருந்த விரலுக்கு மிக அருகில் வந்துவிட்டது.

பதில்: பிராட் ஆணியின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசிபோல் இருக்காது. உளி மாதிரி இரண்டு பக்கமும் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். மரக்கணு, கெட்டியான இழை, பிளைவுட்டுக்குள் இருக்கும் வெற்றிடம் எதிர்ப்பட்டால் அந்தச் சரிவு ஆணியை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். கோர்த்த வரிசையில் சரிவுகள் பக்கவாட்டில் இருப்பதால், ஆணி பெரும்பாலும் கன்னின் இடது அல்லது வலது பக்கம்தான் வளையும்.

அதனால் கன்னை நிறுத்தும் திசையை மாற்றுங்கள். பலகையின் விளிம்பில் அடிக்கும்போது கன்னின் உடல் அந்த விளிம்புக்குக் குறுக்காக இருக்கட்டும். அப்போது ஆணி வளைந்தாலும் பலகையின் நீளவாக்கில் உள்ளேயே ஓடும். விளிம்போடு ஒட்டி, நீளவாக்கில் பிடித்தால் வளையும் ஆணி பலகையின் முகத்தை, அதாவது அகன்ற பக்கத்தை, கிழித்துக்கொண்டு வெளியே வரும். சாய்வும் முக்கியம். 18 மி.மீ. விளிம்பின் நடுவில் நின்றால் முகத்துக்கு 9 மி.மீ. தான் இருக்கிறது. 40 மி.மீ. ஆணியை ஏறத்தாழ 13 டிகிரி சாய்த்து அடித்தாலே, வளையாமல் போனாலும் நுனி முகத்தில் வந்து நிற்கும்.

முகத்தோடு முகம் ஒட்டும் வேலையில் ஆணியின் நீளம் இரண்டு மரங்களின் மொத்தக் கனத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 12 மி.மீ. பீடிங்கை 18 மி.மீ. பலகையில் அடிக்க 25 மி.மீ. சரி. 30-ஐ எட்டினால் அடியில் குத்தும்.

பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அந்த அளவுக்குத் தள்ளிப் பிடிக்க முடியாத சின்னத் துண்டு என்றால் கிளாம்ப் போடுங்கள். பலகைக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கவே கூடாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்கு மூடி இரண்டும் வேண்டும். பேட்டரி கன்னின் ‘டப்’ ஓசையும் காதைக் கெடுக்கும்.

கேள்வி: அப்படியே கையில் ஆணி ஏறிவிட்டால் பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அசையாமல் துணி சுற்றி மருத்துவமனைக்குப் போங்கள். ஆணிகளைக் கோர்க்கும் பசையும் பிளாஸ்டிக்கும் உள்ளே ஒட்டியிருக்கும். தண்டில் சொரசொரப்பு உள்ள ஆணி வெளியே வரும்போது திசுவையும் கிழிக்கும். துளை சின்னதாகத் தெரிந்தாலும் எலும்போ நரம்போ அடிபட்டிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

கேள்வி: ஆணி சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பது?

பதில்: முதலில் பேட்டரி வெளியே. கேஸ் குப்பியில் ஓடும் கன் என்றால் குப்பியும் வெளியே. அதற்கு முன் கை முனைப் பக்கமே போகக் கூடாது. பிறகு ஆணி வரிசையை உருவி எடுத்துவிட்டு, மூக்கின் மேலுள்ள கொக்கியைத் திறந்து, வளைந்த ஆணியைக் குறட்டால் இழுங்கள், விரலால் அல்ல. அழுத்தக் காற்றிலோ நைட்ரஜனிலோ அடிக்கும் மாடல்களில் பேட்டரி இல்லாவிட்டாலும் உள்ளே விசை தேங்கி நிற்கும். ஆணி விடுபட்டதும் அடிக்கும் கம்பி சட்டென்று பாயும். முனையை யார் மேலும் காட்டாமல், உங்கள் முகத்தையும் தள்ளி வைத்துக்கொண்டு எடுங்கள்.

ஆணி சிக்குவது வாரத்துக்கொரு முறை என்றாகிவிட்டால், கேஜ் அல்லது நீளம் மாறிய ஆணி, சார்ஜ் குறைந்த பேட்டரி, தேய்ந்த அடிகம்பி இவற்றில் ஒன்றாக இருக்கும். அந்த வரிசையிலேயே பாருங்கள், செலவில்லாதது முதலில்.

கேள்வி: பழைய நெயில் கன் ஒன்று கிடைக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: மூக்கைத்தான். பேட்டரியையும் ஆணியையும் எடுத்துவிட்டு மூக்கை மரத்துண்டில் அழுத்தி விடுங்கள். தடையில்லாமல் உள்ளே போய், தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும். ஸ்பிரிங் கழற்றப்பட்டிருந்தால், மூக்கை டேப்போ கம்பியோ போட்டுக் கட்டியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வேலை வேகமாக நடக்க யாரோ பாதுகாப்பை எடுத்திருக்கிறார்கள், வேறு எதை எடுத்தார்கள் என்று தெரியாது. அடுத்து பேட்டரியும் ஆணியும் போட்டு, முனையை மரத்துண்டுக்கு நேராக, ஆனால் தொடாமல் பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள். ஆணி வரக் கூடாது. ட்ரிகரை விடாமல் அப்படியே மரத்தில் மூக்கை அழுத்துங்கள். சிங்கிள் ஷாட்டில் இப்போதும் வரக் கூடாது.

கேள்வி: என்னிடம் 18 வோல்ட் டிரில் இருக்கிறது. 20 வோல்ட் கன் வாங்கினால் இன்னும் பலமாக அடிக்குமா?

பதில்: அடிக்காது. இரண்டிலும் 3.6 வோல்ட் செல் ஐந்துதான். பெருக்கினால் 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4-க்குச் சற்று மேல் இருப்பதால் அதை 20 என்று போடுகிறார்கள். பேட்டரியில் எழுதியிருக்கும் ஆம்பியர்-ஹவர் எத்தனை ஆணி அடிக்கலாம் என்பதைத்தான் கூட்டும். உங்கள் டிரில்லின் அதே கம்பெனி, அதே வரிசை பேட்டரி பொருந்தும் கன்னை வாங்குங்கள். பேட்டரி இல்லாத வெறும் கன்னாகக் கேட்டால் விலையும் இறங்கும்.