ஒட்டுமீனா, துப்பாக்கி மீனா?

கேள்வி: போக்கிமான் விளையாட்டில் வரும் ரெமோரெய்டு என்ற மீனைப் பார்த்ததும், முப்பது ஆண்டுகள் ஆழ்கடல் தொழில் செய்த என் அப்பா, "இது நம்ம ஒட்டுமீன்தான்" என்று சொல்லிவிட்டார். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மீன் எப்படி ஒட்டுமீன் ஆகும் என்று என் மகன் பாட்டாவிடம் மல்லுக்கு நிற்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: என் வாக்கு பாட்டாவுக்கே, ஆனால் பேரனை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஒட்டுமீனுக்கு ஆங்கிலத்தில் ரெமோரா என்று பெயர். ரெமோரெய்டு என்ற பெயரின் முற்பாதி அதுதான். பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பேரன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்பதால் இன்னொரு சான்றும் தருகிறேன். ஜப்பானில் 2000இல் வெளிவந்த கிரிஸ்டல் பதிப்பின் உயிரினக் குறிப்பில், இது முதுகுத் துடுப்பை உறிஞ்சுதட்டாக்கி மான்டைனின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு மிச்சமீதியைத் தின்னும் என்று எழுதியிருக்கிறது. மான்டைன் என்பது மான்டா என்னும் பெருந்திருக்கையின் சாயலில் அமைந்த உயிரினம். நிஜ ஒட்டுமீனின் தலைமேல் செருப்பின் அடிப்பாகம் போல வரிவரியாக இருக்கும் தட்டும் முதுகுத் துடுப்பு உருமாறி வந்ததே. சுறாவிலோ திருக்கையிலோ ஒட்டியிருக்கும் அந்த மீனை வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் பிடி இறுகும்; முன்னால் தள்ளினால் எளிதில் கழன்றுவிடும். இதை உங்கள் அப்பா கையாலேயே அறிந்திருப்பார். விளையாட்டின் ஓவியர் தலையில் அந்தத் தட்டை வரையாமல் விட்டதால்தான் உங்கள் வீட்டில் இந்த வழக்கே வந்தது.

இனி பேரனின் பக்கம். ரெமோரெய்டுக்கு ஜப்பானிய மொழியில் தெப்போவோ என்று பெயர். தெப்போ என்றால் துப்பாக்கி, உவோ என்றால் மீன். அம்மொழியில் வில்லாளி மீனின் பெயரும் ஏறத்தாழ இதே ஒலியுடையது. அலையாத்திக் காடுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் அந்த மீன், மேல்வாயில் உள்ள பள்ளத்தோடு நாக்கைச் சேர்த்துக் குழல் போலாக்கி, செவுள் மூடிகளைச் சட்டென்று இறுக்கி, இலைமேல் இருக்கும் பூச்சியை நீரால் அடித்து வீழ்த்தும். நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது ஒளிவிலகலால் பூச்சி இடம் மாறித் தெரியும் என்பதையும் கணக்கில் கொண்டு அது குறிவைப்பதுதான் வியப்பு. நிஜத்தில் ஓரிரு மீட்டர் எட்டும் இந்த வித்தையை, 1999இல் வந்த கோல்டு பதிப்பின் குறிப்பு 100 மீட்டருக்கு நீட்டிவிட்டது. விளையாட்டுக்காரர்களின் தாராளம் அது.

ஆகவே ஒட்டிக்கொள்ளும் குணம் கடலிலிருந்தும், துப்பும் குணம் கழிமுகத்திலிருந்தும் வந்து ஓர் உடலில் சேர்ந்திருக்கின்றன. இத்தகைய உயிரினங்களுக்கு ஒரே மூலத்தைத் தேடுவதுதான் பெரும்பாலும் நம்மைத் தவறவிடுகிறது. உருவம், பெயர், குணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

இதே ரெமோரெய்டு 25ஆம் நிலையை எட்டியதும் ஆக்டிலரி என்னும் பேய்க்கணவாயாக மாறிவிடும். அதற்குக் கடலில் காரணம் தேடிப் பயனில்லை. ஆக்டோபஸையும் பீரங்கிக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது, அதாவது துப்பாக்கி வளர்ந்து பீரங்கி ஆகிறது. மீன் கணவாயாகும் இந்தச் செய்தியை மட்டும் உங்கள் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாமலிருப்பது நல்லது.