ஸ்டோரிபோர்டு என்றொரு வேலை இருக்கிறது

உங்கள் மகள் நோட்டு முழுக்க ஆட்களை வரைகிறாள், கேரக்டர் அனிமேஷன்தான் படிப்பேன் என்கிறாள், பெரியப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார். கவலை நியாயம்தான். ஆனால் "முதலில் ஒரு டிகிரி, அப்புறம் வரையட்டும்" என்பதை என்னால் ஏற்க முடியாது. கை நன்றாகப் பழகவேண்டிய வருடங்கள் அதிலேயே போய்விடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் அதை விரும்புகிற பிள்ளைக்கு நல்ல படிப்பு. இவள் விரும்பவில்லை.

சரி, நீங்கள் விளம்பரத்தில் பார்த்த அந்த அனிமேஷன் டிப்ளமோ? கடன் வாங்கி அதில் சேர்க்காதீர்கள். அதன் பாடத்திட்டத்தில் பாதிக்குமேல் சாஃப்ட்வேர் பயிற்சிதான். பிளெண்டர், கிரிட்டா இரண்டும் இலவசம், வீட்டிலேயே பழகலாம். ஸ்டுடியோக்கள் ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது வரைந்ததில் சிறந்தவற்றின் தொகுப்பை.

அவள் நோட்டில் ஒரு பக்கம் என்னை நிறுத்தியது. ஒரே குடைக்கு இரண்டு சிறுவர்கள் சண்டை போடுகிறார்கள். நான்கு கட்டங்கள். மூன்றாவதில் முகமே இல்லை, குடைக்காம்பை இறுக்கிப் பிடித்த இரண்டு கைகள் மட்டும். எங்கே நெருங்கிக் காட்ட வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு ஆர்ட்டிஸ்டின் வேலை இதுதான். அனிமேஷன் என்றதும் பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஒரு விநாடிப் படத்துக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் வரைய வேண்டும். அவ்வளவையும் வரைந்தபிறகு காட்சி சரியில்லை என்றால் நஷ்டம் பெரிது. அதனால்தான் முழுக் கதையையும் முன்பே சின்னச் சின்னக் கட்டங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார், பார்வை எந்தப் பக்கம், கேமரா எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். எதிரெதிரே பேசும் இருவரையும் இணைக்கும் ஒரு கற்பனைக் கோடு உண்டு. கேமரா அதைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். கட்டங்களை வசனத்தோடும் சத்தத்தோடும் நேரக்கணக்கில் ஓட்டினால் அது அனிமேட்டிக். எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் சிரிப்பு தவறுகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும். இந்த வேலைக்கு வழவழப்பான ஓவியம் வேண்டாம். வேகமாக வரையவும், வரைந்ததைத் தயங்காமல் தூக்கிப்போடவும் தெரிய வேண்டும்.

போட்டியுள்ள துறைதான், மறைக்க மாட்டேன். எடுத்த எடுப்பில் ஸ்டோரிபோர்டு வேலையே கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். கரடுமுரடான ஓவியத்தைச் சுத்தமான கோட்டில் வரையும் கிளீன்-அப்பிலோ, இரண்டு முக்கிய ஓவியங்களுக்கு நடுவில் வருபவற்றை வரையும் இன்பிட்வீனிலோ தொடங்க வேண்டிவரலாம்.

இப்போதைக்கு அந்தக் குடைச் சண்டையை, வசனமே இல்லாமல், ஒரு நிமிட அனிமேட்டிக்காக முடிக்கச் சொல்லுங்கள். கூடவே அந்த இரண்டு சிறுவர்களையும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒரே அளவில் வரையட்டும். ஆட்களை நேரில் உட்கார வைத்து வரையும் வகுப்பு கிடைத்தால் அதற்குக் கட்டணம் கட்டுங்கள், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பெரியப்பாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், அவளை முன்னால் நிறுத்த வேண்டாம்.